கன்றுக் கழிச்சல்: வைரஸ் குடலில் எதைத் தாக்குகிறது, பாலை நிறுத்தலாமா?

கேள்வி: பிறந்து 9 நாளான கலப்பினக் கன்று, நேற்றிலிருந்து மஞ்சளாக, தண்ணீராகக் கழிகிறது. ரோட்டா வைரஸாக இருக்கலாம் என்றார் மருத்துவர். குடலில் அது எதைக் கெடுக்கிறது? பாலை நிறுத்தச் சொல்கிறார்கள், நிறுத்தவா? வீட்டில் கைக்குழந்தை வேறு இருக்கிறது.

பதில்: பாலை நிறுத்தாதீர்கள், அம்மா.

சிறுகுடலின் உட்புறம் நாற்றங்கால் போல இருக்கும். நெருக்கமாக நிற்கும் அந்த நாற்றுகள்தான் குடலுறிஞ்சிகள். அவற்றின் நுனியில் உள்ள முதிர்ந்த செல்களே பால் சர்க்கரையைச் செரிக்கின்றன, சத்தை உறிஞ்சுகின்றன. ரோட்டா வைரஸ் குறிவைப்பது இவற்றைத்தான். மனிதக் குழந்தையிலும் இதே செல்கள்தான். நுனி அழிந்ததும் செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கிறது, கன்று கழிகிறது. ஆனால் அடியில் உள்ள செல்கள் பெரும்பாலும் தப்பிவிடும். வெட்டுக்கிளி நுனியை மேய்ந்த நாற்று வேரிலிருந்து துளிர்ப்பது போல, அங்கிருந்து சில நாளில் புதுச் செல்கள் மேலேறி வரும். அதுவரை கன்றைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். கன்று சாவது பெரும்பாலும் வைரஸால் அல்ல, உடம்பில் நீரும் உப்பும் வற்றுவதால்.

பட்டினி போட்டால் கன்று இன்னும் துவளும். 25 கிலோ கன்றுக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் பாலை நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இடையிடையே, பாலோடு கலக்காமல், ஓ.ஆர்.எஸ். கரைசல் நாளுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை. மிச்சமிருக்கும் செல்கள் குளுக்கோஸையும் உப்பையும் சேர்த்தே உள்ளிழுக்கும், கூடவே தண்ணீரும் போகும். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. பாக்டீரியாவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

குழந்தை விஷயம். கன்றின் ரோட்டா வைரஸ் மனிதருக்கு எளிதில் ஒட்டாது, ஆனால் எப்போதாவது தாண்டும். நம் ரோட்டாவாக் தடுப்பு மருந்துக்கு அடிப்படையே டெல்லியில் ஒரு பச்சிளம் குழந்தையிடம் கிடைத்த வைரஸ்தான், அதில் மாட்டு வைரஸின் மரபணு ஒன்று இயற்கையாகவே கலந்திருந்தது. அதனால் கன்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். 6, 10, 14 வாரங்களில் அரசு இலவசமாகத் தரும் ரோட்டா சொட்டு மருந்தை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், அடுத்த ஈற்றில் பிறந்த 2 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சில நாள் பாலோடு கொஞ்சம் கலந்து கொடுத்தால், அதிலுள்ள எதிர்ப்புச் சக்தி குடலுக்குள்ளேயே வைரஸைத் தடுக்கும்.

கண் குழி விழுந்தாலோ, காது ஜில்லிட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, சாணத்தில் ரத்தம் தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழையுங்கள், ரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும்.