ரோட்மாஸ்டர் வேகன்ல மர டிசைன் வெடிச்சா என்ன பண்றது

1994 பியூக் ரோட்மாஸ்டர் எஸ்டேட்னு ஒரு பழைய அமெரிக்க வேகன் காரை வாங்கறதுக்குப் பாத்திருக்கீங்க, பக்கவாட்டு மர டிசைன் வெடிச்சிருக்கு, அதுமேலேயே புதுசு ஒட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாங்க. அது மரமே இல்ல, மர டிசைன் போட்ட வினைல் (பிளாஸ்டிக்) ஷீட்டு, அடியில இருக்கிற வெடிப்பு அத்தனையும் புதுசுல கோடு கோடா எழும்பிடும். என் வண்டியில ரெண்டு வீக்கெண்ட் உக்காந்து ஹீட் கன் (சூடான காத்து ஊதற கருவி) காட்டி பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால உரிச்சேன், வெயில் அடிச்ச பக்கம் நகம் வெட்டிப்போட்ட மாதிரி துண்டு துண்டாத்தான் வந்துச்சு, அவசரப்பட்டு சூட்டை ஏத்தினீங்கன்னா பெயின்ட்டும் கூடவே வந்துடும். பணம் குடுக்கறதுக்கு முன்னாடி ஓரத்து மோல்டிங் (டிசைனைச் சுத்தி இருக்கிற பட்டி) அடியில விரல விட்டுப் பாருங்க, துரு தட்டுப்பட்டா தாராளமா விலையைக் குறைச்சுக் கேளுங்க. ஆனா வண்டிய விட்டுடாதீங்க, பவரான அந்த 5.7 லிட்டர் எல்டி1 வி8 இன்ஜின் 94லேர்ந்துதான் இதுல வந்துச்சு. புது ஷீட் ஒட்டறப்போ மோல்டிங்கைக் கழட்டிட்டே ஒட்டுங்க.