விறகு பிளக்க எந்தக் கோடாலி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழைக்காலத்திற்கு முன் விறகைப் பிளந்து அடுக்கிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் பல சேர்ந்துவிட்டன. ஒரே பொருளைச் சுற்றி வந்தவற்றை ஒன்றாக்கி, கருவியைத் தேர்ந்தெடுக்கவும் பேணவும் உதவுகின்றவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என்னிடம் உள்ள கோடாலி நல்ல கூராக இருக்கிறது. கிளை வெட்டினால் வெண்ணெய்போல் இறங்குகிறது. ஆனால் விறகுக்கட்டையில் போட்டால் சிக்கிக்கொண்டு வர மறுக்கிறது. இன்னும் தீட்ட வேண்டுமா?

வேண்டாம். குறை கூரில் இல்லை, கோடாலியின் வடிவத்தில் இருக்கிறது. மரத்தை வெட்டுவது நாரைக் குறுக்கே அறுக்கும் வேலை. விறகு பிளப்பதோ நாரோடு நாராக ஒட்டியிருப்பதை நீளவாக்கில் விலக்கும் வேலை. முதல் வேலைக்கான கோடாலியின் வாய் ஏறத்தாழ 20 முதல் 25 பாகைக் கோணத்தில் மெல்லியதாக அமைந்திருக்கும். அது கட்டைக்குள் ஆழமாக இறங்கும். ஆனால் இறங்கிய இடத்தை அகலப்படுத்தாது. அகலாத மரம் இரு பக்கத்திலிருந்தும் இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பிளக்கும் கோடாலிக்கு 30 முதல் 40 பாகை வரை கோணம் இருக்கும். வாயிலிருந்து பின்னோக்கிச் செல்லச்செல்ல அது விரைவாகத் தடித்து, ஓர் ஆப்பைப்போல் ஆகிவிடும். விரிசல் ஒருமுறை தொடங்கிவிட்டால் அது வாய்க்கு முன்னால் தானே ஓடிக்கொண்டிருக்கும். அதன்பின் மரத்தைத் தள்ளுவன கோடாலியின் இரு பக்கங்கள்தாம். வாய் மரத்தைத் தொடுவதுகூட இல்லை.

எனவே வாங்கும்போது கோடாலியை மேலிருந்து பாருங்கள். நீர்த்துளியைப்போல் ஒரு முனை கூர்ந்து மறுமுனை பருத்திருக்க வேண்டும். பக்கங்கள் தட்டையாக இல்லாமல் சற்றே புடைத்திருப்பது நல்லது; தட்டையான பக்கம் முழுப் பரப்பிலும் மரத்தோடு உராய்ந்து சிக்கும், புடைத்த பக்கம் சில இடங்களில் மட்டுமே தொடும். இப்போது சிக்கியிருக்கும் கோடாலியை எடுக்கக் காம்பைப் பக்கவாட்டில் ஆட்டாதீர்கள். காம்பின் கடைசி முனையில் உள்ளங்கையால் மேலிருந்து கீழாக ஓங்கித் தட்டுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும்.

கேள்வி: எடை எவ்வளவு இருக்க வேண்டும்? கனம் கூடினால் வேலை குறையும் என்கிறார்களே.

அது பாதி உண்மை. விழும் கோடாலியின் ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்திலும் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. அதாவது எடையை இரட்டித்தால் ஆற்றல் இரண்டு மடங்கு; வேகத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. 2 கிலோ தலையுள்ள கோடாலியை, 3.5 கிலோ தலையுள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் வீசினால் இரண்டின் ஆற்றலும் ஏறத்தாழச் சமமாகிவிடும். அந்தக் கூடுதல் வேகத்தைப் பெரும்பாலோரின் தோள்கள் தந்துவிடும்; கூடுதல் எடையை ஒரு மணி நேரம் தொடர்ந்து தூக்குவதற்குத்தான் தராது. நூறு அடி அடிப்பதாக வைத்துக்கொண்டால், அந்த ஒன்றரைக் கிலோ வேறுபாடு நூற்றைம்பது கிலோவைக் கூடுதலாகத் தூக்கியதற்குச் சமம். களைத்த கை குறி தவறும் என்பதையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும்.

ஆயினும் கனத்திற்கு ஓர் இடம் உண்டு. பருத்த, கணு நிறைந்த, நார் பின்னிய கட்டைகளில் இலேசான கோடாலி எவ்வளவு வேகமாக விழுந்தாலும் துள்ளி எழும். ஒரு பக்கம் ஆப்பும் மறுபக்கம் சம்மட்டியுமாக வார்த்த 3 கிலோ, 3.5 கிலோ கருவி அங்கே அமுக்கிக்கொண்டு இறங்கும். உங்கள் விறகில் பத்துக்கு எட்டுக் கட்டைகள் நேரான நார் உள்ளவை என்றால், 1.5 முதல் 2 கிலோவுக்குள் தலையுள்ள கோடாலியை வாங்குங்கள். எஞ்சிய இரண்டையும் ஆப்பும் சம்மட்டியும் கொண்டு பிளக்கலாம். ஒரே கருவியால் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று எண்ணிக் கனமானதை வாங்கியவர்கள் பலர், அதைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மரக்காம்பா, ஃபைபர்கிளாஸ் காம்பா?

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்பவர்களை நான் நம்புவதில்லை. காம்பு முறிவதற்கு முதன்மையான காரணம் பொருளின் வலுக்குறைவன்று. கோடாலியின் வாய் கட்டையைத் தாண்டிப் போய், தலைக்குச் சற்றுக் கீழே உள்ள காம்பு கட்டையின் விளிம்பில் மோதுவதுதான் காரணம். பழகாத கைகளுக்கு இது அடிக்கடி நேரும். ஃபைபர்கிளாஸ் காம்பு அந்த அடியை மரத்தைவிட அதிக முறை தாங்கும். மழையில் ஊறாது, வெயிலில் சுருங்காது. ஆகவே புதிதாகத் தொடங்குபவருக்கும், கருவியைப் பேண நேரமில்லாதவருக்கும் அது பொருந்தும். ஆனால் அது முறிந்தால், பல வகைகளில் தலையோடு சேர்த்தே எறிய வேண்டியிருக்கும். தலையோடு ஒட்டவைத்து வார்த்த காம்பை வீட்டில் மாற்றுவது எளிதன்று.

மரக்காம்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அதிர்வையும் அது நன்றாக வாங்கிக்கொள்ளும். ஆனால் தேர்ந்தெடுக்கும்போது கண் வேண்டும். காம்பின் அடிமுனையைத் திருப்பி, மர வளையங்களின் கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள். அவை கோடாலியின் வாய் நோக்கும் திசையில், அதாவது முன்பின்னாக ஓடுவது நல்லது. குறுக்கே ஓடினால் தள்ளிவையுங்கள். அடுத்து, காம்பின் பக்கவாட்டில் ரேகையைத் தொடர்ந்து பாருங்கள். ரேகை காம்பின் முழு நீளத்துக்கும் கூடவே வர வேண்டும். பாதியில் சரிந்து விளிம்பைக் கடந்து வெளியேறினால் காம்பு ஒருநாள் அந்த இடத்தில்தான் முறியும். அதுவும் குத்தூசிபோன்ற நீண்ட சிம்புகளோடு முறியும். வளையத்தின் திசையைவிட எனக்கு இந்த இரண்டாவது சோதனையே முக்கியமானது. கணு உள்ள காம்பைத் தொடவே வேண்டாம். காம்பு முழுவதும் தடித்த வண்ணம் பூசியிருந்தால், ரேகையை மறைக்கத்தான் பூசினார்களோ என்று ஐயப்படுவதில் தவறில்லை. ஹிக்கரி, ஆஷ் ஆகிய மரங்கள் காம்புக்குப் பெயர்பெற்றவை என்றாலும், ரேகை சரிந்த ஹிக்கரியைவிட ரேகை நேராக ஓடும் வேறொரு உறுதியான மரம் மேலானது.

கடைசியாக, கோடாலியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் காம்பின் வழியாகப் பாருங்கள். வாய், காம்பின் நடுக்கோட்டோடு ஒன்றியிருக்க வேண்டும். திருகியிருந்தால் ஒவ்வோர் அடியும் சாய்வாகவே விழும். எவ்வளவு பழகினாலும் அதைத் திருத்த முடியாது.

கேள்வி: நான் உயரம் குறைவானவன். சிறிய காம்பு வாங்குவதுதானே பாதுகாப்பு?

இல்லை, இங்கே உள்ளுணர்வு தவறான வழியைக் காட்டுகிறது. நீளமான காம்போடு குறி தவறினால், கோடாலி உங்கள் காலுக்கு முன்னால் உள்ள தரையிலோ அடிக்கட்டையிலோ போய் முடியும். குட்டையான காம்போடு தவறினால், அதே வட்டப்பாதை உங்கள் முழங்காலுக்கும் பாதத்துக்கும் வந்து முடியும். இரு கைகளால் வீசும் கோடாலிக்கு 70 செ.மீ.க்குக் குறையாத காம்பு வேண்டும். 75 முதல் 90 செ.மீ. வரை எது கைக்கு இசைகிறதோ அதைக் கொள்ளலாம். இதோடு, விறகை நிறுத்த முழங்காலுக்குச் சற்றுத் தாழ்வான, அகன்ற அடிக்கட்டை ஒன்று தேவை. அதற்கு எளிதில் பிளக்காத மரமே நல்லது. அடிக்கும் தருணத்தில் முழங்கால்களைச் சற்று மடக்கிக் கைகளைத் தாழ்த்தினால், கோடாலி உங்களை நோக்கி வளையாமல் நேராக இறங்கும்.

கேள்வி: தலை ஆடத் தொடங்கிவிட்டது. இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வைத்தால் இறுகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

இறுகும், இரண்டு நாளைக்கு. ஊறிய மரம் இரும்புத் துளைக்குள் பருக்க இடமின்றித் தன் நாரையே நசுக்கிக்கொள்ளும். காய்ந்ததும் முன்பிருந்ததைவிடச் சிறுத்துவிடும், தலை முன்பைவிட அதிகமாக ஆடும். பெரியவரிடம் வாதிட வேண்டாம். அவர் அடுத்த வாரம் மீண்டும் ஊற வைத்திருப்பார்.

முறையான வழி இது. கோடாலியைத் தலை கீழே தொங்கும்படி காம்பைப் பிடித்துக்கொண்டு, காம்பின் அடிமுனையில் மரச்சுத்தியால் பலமுறை தட்டுங்கள். கனமான தலை தன் இடத்திலேயே நிற்க, காம்பு அதற்குள் மேலும் இறங்கும். பிறகு காம்பின் மேல்முனையில் உள்ள ஆப்பை அடித்து இறுக்குங்கள். ஆப்புக்கு இனி இடமில்லையென்றால் அதை எடுத்துவிட்டுச் சற்றுத் தடித்த, நன்றாகக் காய்ந்த மர ஆப்பைப் புதிதாக இடுங்கள். அதன்பின் மேல்முனையில் ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாகத் தடவினால் ஈரம் ஏறுவதும் வெளியேறுவதும் குறையும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது வெப்பம் உண்டாகும். சுருட்டிய துணி தானே தீப்பற்றும். விரித்துப்போட்டுக் காயவையுங்கள்.

எதைச் செய்தாலும், ஆடும் தலையோடு ஓர் அடிகூட அடிக்கக் கூடாது.

கேள்வி: பிளக்கும் கோடாலிக்குக் கூர் தேவையே இல்லை என்று படித்தேன். சரியா?

கத்திக்கூர் தேவையில்லை, கூரே தேவையில்லை என்பது வேறு. முற்றிலும் மழுங்கிய வாய், வைரம் பாய்ந்த கட்டையின்மேல் கௌவாமல் வழுக்கிப் பக்கத்தில் பாயும். அரத்தால் நான்கு இழுப்பும், பின்பு சாணைக்கல்லால் சில தேய்ப்பும் போதுமானவை; கையுறை அணிந்து, கோணத்தை மாற்றாமல் தேயுங்கள். மின்சாணையைத் தவிர்ப்பது நல்லது. என் முதல் கோடாலியை அவசரத்தில் அதில் பிடித்து, வாய் ஓரம் நீலநிறமாக மாறியதை அழகென்று எண்ணி மகிழ்ந்தேன். எஃகு ஏறத்தாழ 300 பாகை செல்சியஸுக்குச் சூடேறியதற்கு அடையாளம் அந்த நீலம்; அத்தோடு பதம் போய்விட்டது. அதன்பின் எத்தனை முறை தீட்டினாலும் ஒரு நாளைக்குள் வாய் மடங்கிவிடும். நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும் அரத்தால் தேய்த்து நீக்கும் வரை அந்தத் தொல்லை தீரவில்லை.

கேள்வி: கோடாலியின் பின்பக்கத்தால் இரும்பு ஆப்பை அடிக்கலாமா?

சாதாரணக் கோடாலியால் அடிக்கக் கூடாது. காம்பு நுழையும் துளையின் சுவர் மெல்லியது. இரும்பின்மேல் அடிக்க அடிக்க அது விரிந்து கோணலாகும், பின்பு எந்தக் காம்பும் அதில் நிற்காது. பின்பக்கம் சம்மட்டிபோல் அடிப்பதற்கென்றே செய்த கருவியால் மட்டும் அடிக்கலாம். அப்போதும் கண்ணாடி அணியுங்கள். அடிபட்டு அடிபட்டு ஆப்பின் தலை காளான்போல் விரிந்திருந்தால், அந்த ஓரங்களைத் தேய்த்து நீக்கிவிட்டே பயன்படுத்துங்கள். அவை தெறித்தால் குண்டுபோல் பாயும். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஆப்புக்கு இந்தத் தடை இல்லை.

கேள்வி: தாத்தாவின் கோடாலித் தலை ஒன்று துருவோடு கிடைத்தது. புதுப்பிக்கலாமா, புதியது வாங்கலாமா?

துரு ஒரு பொருட்டன்று; கம்பித் தூரிகையும், தேவைப்பட்டால் ஓர் இரவு புளிக்காடியும் அதைப் போக்கிவிடும். மூன்றை மட்டும் பாருங்கள்: துளையின் மூலைகளில் விரிசல், துளைச் சுவரில் புடைப்பு, பலகாலம் தீட்டியதால் வாய் மிகவும் தேய்ந்து போயிருத்தல். இவற்றில் முதலாவது இருந்தால் அதை நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் இல்லையென்றால் புதியதில் செலவழிக்க நினைத்ததை நல்ல காம்புக்குச் செலவழியுங்கள். ஆனால் முதல் கேள்வியில் சொன்னது இங்கும் பொருந்தும்: அது மரம் வெட்டுவதற்கான மெல்லிய தலையாக இருந்தால், புதுப்பித்தபின்னும் விறகு பிளக்க உதவாது.

கேள்வி: கோடாலியை மாற்றிப் பார்த்துவிட்டேன், சில கட்டைகள் எதற்கும் அசைவதில்லை.

அப்படியானால் குறை கோடாலியில் இல்லை. எல்ம், புளி போன்ற மரங்களில் நார்கள் ஒன்றையொன்று பின்னியே வளர்கின்றன. விரிசல் ஓடுவதற்கு நேரான வழியே கிடைக்காது. அத்தகைய பருத்த கட்டையை நடுவில் அடிக்காமல், உங்களுக்கு அருகிலுள்ள விளிம்பிலிருந்து தொடங்கிச் சுற்றிலும் பட்டை பட்டையாகச் சீவியெடுங்கள். தானாகவே வெடிப்பு விழுந்திருந்தால் அந்த வெடிப்பின் கோட்டிலேயே அடியுங்கள். கணு இருந்தால் அது கீழே வரும்படி கட்டையைக் கவிழ்த்து வையுங்கள். பல மரங்கள் பச்சையாக இருக்கும்போதே எளிதில் பிளக்கும் என்பதால், வெட்டிய உடனே பிளந்து அடுக்குவது கைக்கும் நல்லது, விறகு விரைவில் காய்வதற்கும் நல்லது.

கேள்வி: அம்மாவுக்கு வயது எழுபதை நெருங்குகிறது. அடுப்பு பற்றவைக்கச் சிறுவிறகு மட்டும் அவரே பிளக்க விரும்புகிறார். என்ன வாங்கித் தரலாம்?

அரைக் கிலோவிலிருந்து 700 கிராமுக்குள் தலையுள்ள கைக்கோடாலி போதும். ஆனால் அவர் அதை வீச வேண்டியதில்லை. கோடாலியின் வாயை விறகின் முனையில் வைத்து, இரண்டையும் சேர்த்தே தூக்கி அடிக்கட்டையில் தட்டினால் மெல்லிய விறகு பிளந்துவிடும். விறகை நிறுத்திப் பிடிக்க வேண்டி வந்தால், விரலால் பிடிக்காமல் ஒரு குச்சியால் பிடிக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடி வேலை செய்வாரென்றால், மடிக்கும் காலுக்கும் எட்டாத தொலைவில் அடிக்கட்டையைப் போட்டுக் கொடுங்கள்.