ஒன்பது இடத்தை மூன்றாக்குங்கள்: குற்றாலமும் சூரியகாந்தியும் பார்க்க ஒரு சனி, ஞாயிறு

மதுரை வாசகி ஒருவரின் கேள்வி: "ஜூலையில் ஒரு சனி, ஞாயிறு காரில் குற்றாலம் போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், 9 வயது மகள், 4 வயது மகன், முழங்கால் வலி உள்ள 68 வயது அத்தை. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், பாலருவி, சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி, குண்டாறு அணை, தென்மலை, அச்சன்கோவில், தென்காசிக் கோயில் என ஒன்பது இடம் குறித்து வைத்திருக்கிறோம். போன வருடம் இப்படிப் போய் பூ காய்ந்திருந்தது, அருவியில் தடை போட்டிருந்தார்கள், திரும்பும்போது பையனுக்குக் காய்ச்சல். இந்த முறை அலைச்சல் இல்லாமல் போய்வர வழி சொல்லுங்கள்."

உங்கள் பட்டியலில் பாலருவி, தென்மலை, அச்சன்கோவில் மூன்றையும் முதலில் அடித்துவிடுங்கள். நல்ல இடங்கள்தான். ஆனால் மூன்றும் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கின்றன. செங்கோட்டை, புளியரை தாண்டி மலைப்பாதை ஏற வேண்டும். அந்தப் பாதையில் பாரம் ஏற்றிய லாரிகள் ஓயாமல் போகும். வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டால் பின்னால் நிற்கும் எல்லோருக்கும் அரைநாள் போனதுபோலத்தான். பாலருவிக்கு வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, டிக்கெட் எடுத்து, வனத்துறை வண்டியில்தான் போக முடியும். நான்கு வயதுப் பையனும் முழங்கால் வலி உள்ள அத்தையும் கூட இருக்கும்போது அது தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டிய இடம். பழைய குற்றாலத்தையும் இந்த முறை விட்டுவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மிச்சமிருப்பதில் பேரருவி, சூரியகாந்தி வயல், தென்காசிக் கோயில் மூன்றும் உறுதி. ஐந்தருவியும் குண்டாறும் நேரம் இருந்தால் பார்க்கலாம்.

போன வருடம் ஏமாந்ததற்குக் காரணம் அதிர்ஷ்டம் இல்லாதது அல்ல. அருவிக்கும் பூவுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்த்து நாள் குறிக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிடும். ஆரியங்காவு, செங்கோட்டைப் பக்கம் மலை தாழ்ந்து ஒரு கணவாய் இருப்பதால் மேகமும் ஈரக்காற்றும் அந்த வழியாக இந்தப் பக்கம் நழுவி வரும். அதுதான் சாரல். குற்றாலத்தில் முகம் நனையும். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் சுந்தரபாண்டியபுரத்தில் வெயில் அடிக்கும், காற்று மட்டும் பிய்த்துக்கொண்டு போகும். ஒரே நாளில் இரண்டு பருவத்தைப் பார்க்கலாம் என்பதுதான் இந்த ஊர்ப்பக்கத்தின் அழகு. குடையும் தொப்பியும் சேர்ந்தே எடுத்துக்கொள்ள வேண்டிய ஊர்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம் புரியும். தென்காசியில் மழை பெய்கிறதா என்று போனில் கேட்டு அருவியைக் கணிக்கக் கூடாது. அருவிக்குத் தண்ணீர் தருவது மேலே மலைக்காட்டில் பெய்யும் மழை. பேரருவியாக விழும் சிற்றாறு நீளமான ஆறு அல்ல. மலையில் இரண்டு நாள் நல்ல மழை என்றால் பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. நான்கைந்து நாள் மழை நின்றால் நூல் போல ஒழுகும். உங்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் உள்ள நாள். புறப்படுவதற்கு முந்தின வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தங்கப்போகும் லாட்ஜுக்குப் போன் போட்டு, "இன்றைக்குக் குளிக்க விடுகிறார்களா?" என்று கேளுங்கள். "தண்ணீர் எப்படி" என்று கேட்டால் எந்த லாட்ஜிலும் "சூப்பரா இருக்கு, வாங்க" என்பார்கள்.

பூவின் கணக்கு இன்னும் கறாரானது. சூரியகாந்தி மூன்று மாதப் பயிர். விதைத்து இரண்டு மாதம் ஆகும்போது பூக்கும். ஒரு வயல் முழுதாகப் பூத்து நிற்பது பத்துப் பன்னிரண்டு நாள்தான். பிறகு இதழ் வாடி, விதை பிடித்து, கனம் தாங்காமல் தலை கவிழ்ந்துவிடும். எல்லா வயலும் ஒரே நாளில் விதைப்பதில்லை என்பதால் பெரும்பாலும் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை எங்காவது பூ இருக்கும். எந்த வயலில் என்பதுதான் மாறும். சில வருடம் விவசாயிகள் வேறு பயிருக்குப் போய்விடுவார்கள், போன வருடம் பூத்த இடத்தில் இந்த வருடம் மக்காச்சோளம் நிற்கும். ஆகவே தேதி தெரியாத ரீல்ஸை நம்பி வண்டி எடுக்காதீர்கள். லாட்ஜ்காரரிடமோ ஊர் ஆட்டோக்காரரிடமோ "பூ விரிந்து எத்தனை நாள் ஆச்சு?" என்று கேளுங்கள். "நேற்று முன்தினம்" என்றால் அடுத்த சனிக்கிழமை தைரியமாகப் போகலாம். "ரெண்டு வாரமாச்சு" என்றால் பக்கத்து வயலைப் பற்றி விசாரியுங்கள். சுரண்டை, சாம்பவர்வடகரைப் பக்கமும் பயிரிடுவார்கள்.

நாள் குறிக்கும்போது காலண்டரில் ஆடி அமாவாசையையும் பாருங்கள். அதையொட்டிய சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதே பெரும்பாடு. உங்களுக்கு மிகப் பொருத்தம் ஜூலை மூன்றாவது வாரம்.

இனி நேரம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். திருமங்கலம், திருவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. ஏறக்குறைய 160 கி.மீ. நான்கு மணி நேரம் என்று மனதில் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரத்தில் போங்கள். ராஜபாளையம் ஊருக்குள் நுழையும் முன்பே காலைச் சாப்பாட்டை முடித்துவிடுவது நல்லது. சிவகிரி தாண்டியதும் வலது பக்கம் மலை கூடவே வர ஆரம்பிக்கும், கடையநல்லூர் வரும்போது ஜன்னலைத் திறந்தால் காற்றின் குளிர்ச்சியே மாறியிருக்கும். மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், எங்கே மாறுகிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.

அறையைக் குற்றாலத்தில் எடுக்காதீர்கள், தென்காசியிலோ இலஞ்சியிலோ எடுங்கள். சீசன் சனிக்கிழமையில் குற்றாலத்துக்குள் காரை நுழைத்து நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தென்காசியிலிருந்து அருவி ஐந்தாறு கி.மீ. தான். அத்தைக்காகத் தரைத்தளம் அல்லது லிஃப்ட், மேற்கத்தியக் கழிப்பறை இரண்டையும் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

மதியம் சாப்பிட்டு எல்லோரும் தூங்குங்கள். இதைத்தான் யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்! வந்த வேகத்தில் துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்கு ஓடுகிறார்கள். சனிக்கிழமை பகல் பதினொன்று முதல் மாலை வரைதான் கூட்டம் உச்சத்தில் இருக்கும். வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, இரண்டு நிமிடம் நனைந்து, ஈரத்துணியோடு சாரல் காற்றில் மறுபடி நின்றால் சின்னப் பிள்ளைக்கு உடம்பு சுடத்தான் செய்யும்.

மாலை ஐந்து மணிக்குத் தென்காசி காசிவிஸ்வநாதர் கோயில். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில். கோபுரம் சுமார் 180 அடி உயரம். கோபுர வாசலில் நுழையும்போது எதிர்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோல வரும். இன்னும் சில எட்டு உள்ளே வைத்தால் அதே காற்று முதுகில் கைகொடுத்து உள்ளே அனுப்பும். அத்தையின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொள்ள பேத்தி பக்கத்திலேயே இருக்கட்டும். அத்தைக்கு இந்தப் பயணத்தில் முட்டி நோகாமல் கிடைக்கும் முழுச் சந்தோஷம் அதுதான்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிரானூர் பார்டர் போகலாம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கத்தில் இருந்தது. பழைய எல்லை பிரானூரில்தான். எல்லை போய் எழுபது வருடமாகப் போகிறது, பெயர் மட்டும் புரோட்டாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் காரசாரமான சால்னாவைப் பிள்ளைகளுக்கு அன்றிரவு கொடுக்காதீர்கள், விடியற்காலையில் அருவி இருக்கிறது.

ஞாயிறு காலை ஐந்து மணிக்குப் பேரருவியில் இருங்கள். விளக்கு எரியும். போலீஸும் இருப்பார்கள். கூட்டம் பகலில் பார்ப்பதில் கால்வாசிகூட இருக்காது. பேரருவி நேராக உங்கள் தலையில் விழுவதில்லை. மேலே பாறையில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, அங்கிருந்து பரந்து வழிகிறது. அந்தப் பள்ளம் இல்லையென்றால் இத்தனை உயரத்துத் தண்ணீருக்குக் கீழே மனிதர் நிற்க முடியாது. அப்படி அடங்கி வந்தும் நடுவில் நின்றால் தோளில் குத்துவதுபோல் இறங்கும். பெண்களுக்குத் தனிப் பகுதி, கம்பி போட்டிருக்கும். அத்தையை ஓரத்தில், கம்பியைப் பிடித்தபடி, தண்ணீர் சிதறி விழும் இடத்தில் நிறுத்துங்கள். தலையை நீட்டாமல் முதுகைக் காட்டி நின்றால் போதும். பாறையில் பாசி வழுக்கும் என்பதால் போகும்போதும் திரும்பும்போதும் நீங்கள் ஒரு கை கொடுங்கள். பையனை அப்பா தூக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் ஓரமாக இரண்டு நிமிடம் நனைத்தால் தாராளம்.

தாலிச் சங்கிலி, தோடு எல்லாம் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வாருங்கள். தண்ணீர் இழுத்துக்கொண்டு போன சங்கிலி திரும்பி வந்ததாக நான் கேட்டதில்லை. எண்ணெய், சோப்பு, ஷாம்பு அருவியில் தடை. அவை ஆற்றில் கலந்து கீழே குடிப்பவர்களுக்கும் பாய்ச்சுபவர்களுக்கும் போகிறது என்பதை மகளுக்கும் சொல்லுங்கள். தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும். நனைந்ததும் பையனுக்குத் தலை துவட்டி, உலர்ந்த சட்டை மாற்றி, காதில் துணி கட்டி, சூடாக எதையாவது குடிக்கக் கொடுத்த பிறகுதான் பெரியவர்கள் இரண்டாம் முறை போக வேண்டும்.

இப்போது பழைய குற்றாலம். 2024 மே 17 அன்று அங்கே திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கீழே வெள்ளம் வருமென்று நினைக்கிற நிலைமையே இல்லை. மேலே காட்டில் பெய்த மழை. எந்த அருவியானாலும் தண்ணீர் தெளிவிலிருந்து கலங்கலாக மாறினால், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால், இரைச்சல் சட்டென்று கூடினால், யாரும் விசில் அடிக்கக் காத்திருக்காமல் வெளியே வந்துவிடுங்கள். துண்டை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். படிகளில் சீக்கிரம் ஏற முடியாத அத்தையும் தூக்கிக்கொள்ள வேண்டிய பையனும் உங்களோடு இருக்கிறார்கள். அதனால்தான் அதை விடச் சொன்னேன். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் தடை போடுவார்கள். அந்தக் கயிற்றுக்கு முன்னால் நின்று கெஞ்சாதீர்கள், பார்த்துவிட்டு வாருங்கள். தடை போட்ட அன்றைக்குத்தான் பேரருவியைப் பார்க்கவே முடியும், அத்தனை கம்பீரமாக இருக்கும்.

குளித்த பசிக்குச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குச் சுந்தரபாண்டியபுரம் புறப்படுங்கள். தென்காசிக்குக் கிழக்கே சுமார் 10 கி.மீ. ஏன் காலையில் போக வேண்டும் என்றால், மொட்டாக இருக்கும்போதுதான் சூரியகாந்தி சூரியனோடு திரும்பும். விரிந்து முற்றிய பூ கிழக்கையே பார்த்து நின்றுவிடும். மாலையில் போகிறவர்களுக்குப் பூவின் முகம் நிழலில் கிடக்கும். காலையில் வயலின் கிழக்கு வரப்பில், முதுகில் வெயில் பட, மேற்கே பார்த்து நில்லுங்கள். எல்லாப் பூவும் உங்களைப் பார்க்கும், பின்னால் மேற்குத்தொடர்ச்சி மலை நீலமாக நிற்கும், உச்சியில் மேகம் வழிந்துகொண்டிருக்கும். படத்துக்கு வேறு கோணமே தேட வேண்டாம்.

ஒரு பூவைக் கிட்டப்போய் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நடுவட்டம் ஒரே பூவல்ல, நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு பூக்கள். வெளி ஓரத்திலிருந்து உள்ளே நோக்கி நாளுக்கு ஒரு வளையமாக விரியும். அந்த வளையத்திலேயே தேனீ சுற்றிச் சுற்றி நடக்கும், காலில் மஞ்சள் பொடி உருண்டையாக ஒட்டியிருக்கும். தேனீ வந்துபோன இடத்தில்தான் நல்ல விதை. கையால் தட்டி விரட்டாமல் அசையாமல் நின்றால் அது உங்களைக் கண்டுகொள்ளாது.

வரப்பைவிட்டு வயலுக்குள் இறங்காதீர்கள். சில விவசாயிகள் படம் எடுக்க ஆளுக்கு ஒரு சிறு தொகை கேட்பார்கள். முகம் சுளிக்காமல் கொடுங்கள். ஒருமுறை நான் அழைத்துப்போன குழுவில் ஒருவர் படத்துக்காக ஒரு பூவை வளைத்தார், தண்டு முறிந்தது. வயல்காரப் பாட்டி சத்தம் போடவில்லை. முறிந்த தலையை மடியில் வைத்து, விரலால் பூவைத் தேய்த்துவிட்டு, அடியில் வெள்ளையாக இருந்த பிஞ்சு விதைகளைக் காட்டினார். "இன்னும் ஒரு மாசம் இருந்தா எண்ணெய், தம்பி" என்றார். அன்றிலிருந்து வண்டியிலிருந்து இறங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: பூவைத் தொடாதீர்கள்.

பத்தரைக்கு வெயில் ஏறிவிடும். அறைக்கு வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, குற்றாலச் சாலையில் மங்குஸ்தான், ரம்புட்டான் வாங்கிக்கொள்ளுங்கள். மங்குஸ்தான் தோலை இரண்டு கையாலும் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் நல்ல பழம், கல்லாக இருந்தால் வேண்டாம். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே மதுரை. இந்தச் சாலையில் பின்விளக்கு இல்லாத டிராக்டர்களும் மாடுகளும் உண்டு, இருட்டில் ஓட்ட வேண்டாம். புறப்படும் முன் வைப்பர் ரப்பரையும் டயர் பட்டனையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். மழையில் ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. வழியில் திருவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்கு ஒரு பத்து நிமிடம் நிறுத்தினால், அத்தையும் இறங்கிக் காலை நீட்டி நாலு எட்டு நடந்துகொள்ளலாம்.