ரீபூட்டில் யாரைச் சேர்ப்பது, யாரைக் காத்திருக்கச் செய்வது?

சூப்பர் ஹீரோ கதை ஒன்றைப் பழைய படங்களின் தொடர்ச்சியை விட்டுவிட்டு முதலிலிருந்து எடுக்கும்போது எந்தக் கதாபாத்திரங்களைச் சேர்க்க வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். காமிக்ஸையும் அவற்றின் திரைவடிவங்களையும் நெடுங்காலமாக ஒப்பிட்டுப் படித்து வரும் மூத்த உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி: எண்பது ஆண்டு வரலாறு கொண்ட நாயகனுக்கு நூற்றுக்கணக்கான துணைப் பாத்திரங்கள் இருக்கின்றன. தேர்வை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். இந்தப் படத்தில் நாயகனின் சிக்கல் என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அந்தச் சிக்கலை இன்னும் இறுக்குபவர் யார் என்று தேடுங்கள். 2005-இல் வெளியான ‘பேட்மேன் பிகின்ஸ்’ அச்சத்தைப் பற்றிய படம். ஆகவே அச்சத்தையே நச்சுப் புகையாக்கித் தெளிக்கும் ஸ்கேர்குரோவும், அச்சத்தை ஆயுதமாக்கக் கற்றுக்கொடுத்த ராஸ் அல் கூலும் அதில் இருக்கிறார்கள். வில்லன்களிலேயே அதிகம் பேர் அறிந்த ஜோக்கர் இல்லை. கடைசிக் காட்சியில் மொட்டைமாடியில் நின்றுகொண்டு, உறைக்குள் இட்ட தடயம் ஒன்றைக் காவல்துறை அதிகாரி கார்டன் நீட்டுகிறார். பேட்மேன் அதைத் திருப்பிப் பார்க்கிறான். ஒரு சீட்டு, அதில் ஜோக்கர் உருவம். அவ்வளவுதான். அந்தச் சீட்டுக்குரியவன் திரைக்கு வர மூன்று ஆண்டுகள் ஆயின. முதல் படத்திலேயே அவனைச் சேர்த்திருந்தால் படம் அவனுடையதாகியிருக்கும். பேட்மேனாக மாறும் புரூஸ் வெய்ன் தன் அச்சத்தோடு நடத்தும் போராட்டத்தைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

கேள்வி: வில்லன்கள் ஒருவருக்கு மேல் போனால் படம் கெட்டுவிடும் என்கிறார்களே?

பதில்: எண்ணிக்கையின் மேல் பழி போடுவது எளிது. 1997-இல் வந்த பேட்மேன் படத்தில் மிஸ்டர் ஃப்ரீஸ், பாய்சன் ஐவி, பேன் என்று மூவரும், போதாக்குறைக்கு பேட்கேர்லும் வந்தார்கள். அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகள் பேட்மேன் படமே வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் 2022-இல் வந்த ‘தி பேட்மேன்’ படத்திலும் ரிட்லர், பென்குவின், ஃபால்கோனி, கேட்வுமன் என்று கூட்டத்துக்குக் குறைவில்லை. அங்கே அனைவரும் ஒரே ஊழலின் வெவ்வேறு முனைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ரிட்லர் விடுகதை போடுகிறான், மற்றவர்களே அதன் விடைகள். ஒவ்வொரு வில்லனுக்கும் தனித்தனிக் கதை சொல்ல வேண்டியிருந்தால்தான் இரண்டு பேரே அதிகம்.

கேள்வி: ஸ்பைடர்மேன் என்றால் அவனை வளர்த்த அங்கிள் பென் இறந்தாக வேண்டுமல்லவா? தோற்றக் கதையின் பாத்திரங்களை எப்படி விடுவது?

பதில்: 2002-இல் ஒருமுறையும் 2012-இல் மறுமுறையும் அவர் இறப்பதைப் பார்த்துவிட்டோம். 2017-இல் வந்த ‘ஹோம்கமிங்’ அந்தக் காட்சியைத் தவிர்த்துவிட்டு, பெரியவர் ஒருவரின் இடத்தில் ‘அயர்ன் மேன்’ டோனி ஸ்டார்க்கை வைத்தது. அதனால் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் பணக்காரர் ஒருவரின் உதவியாளன் போல ஆகிவிட்டான் என்ற குறை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அதே படத்தில் வில்லனைக் கையாண்ட விதத்துக்காக அந்தக் குறையை மன்னித்துவிடுகிறேன். காமிக்ஸில் பீட்டரின் தோழி லிஸுக்கும் வில்லன் வல்ச்சருக்கும் உறவு எதுவும் கிடையாது. படத்தில் அவர்களை மகளும் தந்தையும் ஆக்கினார்கள். தோழியை நடன விழாவுக்கு அழைத்துச் செல்ல பீட்டர் கதவைத் தட்டுகிறான், திறப்பவர் வல்ச்சர். காரில் போகும் வழியில் பையனின் பேச்சையும் பழைய சம்பவங்களையும் அவர் கூட்டிக் கழித்துப் பார்க்கிறார். சிக்னலில் நிற்கும்போது விடை கிடைத்துவிடுகிறது. சிவப்பு போய்ப் பச்சை ஒளி அவர் முகத்தில் விழுந்த பிறகும் கார் நகரவில்லை, மகள்தான் நினைவூட்டுகிறாள். தோழியின் தந்தை, எதிரி என்ற இரண்டு பாத்திரங்கள் ஒருவருக்குள் அடங்கியதால்தான் சண்டையே இல்லாத அந்தக் காட்சி படத்தின் சிறந்த காட்சியானது. தோற்றக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் அதற்கும் சிக்கனமான வழி உண்டு: 2025-இன் ‘சூப்பர்மேன்’, ‘மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்’ என்று தொடங்கி ‘மூன்று நிமிடங்களுக்கு முன்’ என்று முடியும் சில எழுத்து வரிகளிலேயே முன்கதையை முடித்துவிட்டது.

கேள்வி: ஃபென்டாஸ்டிக் ஃபோர் கதையில் டாக்டர் டூம் முதன்மை வில்லனாக இல்லாதது துரோகமில்லையா?

பதில்: இல்லை. 2005, 2007, 2015 ஆகிய மூன்று படங்களிலும் டூம் இருந்தான். மூன்று முறையும் அவனுக்குரிய கம்பீரம் அமையவில்லை. 2025-இல் கோள்களை விழுங்கும் கலாக்டஸைத் தேர்ந்தெடுத்ததன் நியாயம் அவன் உருவத்தின் பிரம்மாண்டத்தில் இல்லை, அவன் வைக்கும் நிபந்தனையில் இருக்கிறது: பிறக்கப்போகும் குழந்தையைக் கொடுத்தால் பூமியை விட்டுவிடுகிறேன் என்கிறான். இந்த நால்வரை மற்ற நாயகர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவதே அவர்கள் ஒரு குடும்பம் என்பதுதான். அந்த இடத்தையே வில்லன் தொடுகிறான்.

கேள்வி: குழுப் படத்தில் யாருக்கும் குறைவைக்காமல் இடம் ஒதுக்குவது எப்படி?

பதில்: முடியாது, முயலவும் வேண்டாம். 2011-இன் ‘எக்ஸ்-மென்: ஃபர்ஸ்ட் கிளாஸ்’ சைக்ளாப்ஸ், ஸ்டார்ம் போன்ற பெரிய பெயர்களை விட்டுவிட்டு, பின்னாளில் புரொஃபசர் எக்ஸ், மேக்னீட்டோ என்று எதிரெதிர் அணிகளில் நிற்கும் சார்லஸ், எரிக் இருவரின் நட்பை மையத்தில் வைத்தது, உருவம் மாறும் மிஸ்டிக் அந்த இருவருக்கும் இடையில் இழுபடுகிறாள். இந்த மூவர் போதும் என்று துணிந்ததால்தான் படம் நின்றது. மற்ற இளைஞர்களில் சிலர் ஒப்புக்குச் சப்பாணிகளாகவே நிற்கிறார்கள். எந்த ஆபத்துக்கும் ஏற்ப உடலை மாற்றிக்கொள்வதே தன் திறனாகக் கொண்ட டார்வினைப் பாதிப் படத்திலேயே கொன்றுவிட்டதை வீண் என்றுதான் சொல்வேன். சாவதற்கு மட்டும் ஒருவர் தேவைப்பட்டார், கைக்கு அகப்பட்டவர் அவர்.

கேள்வி: ஒரு பாத்திரம் தேவையா இல்லையா என்று திரைக்கதை எழுதும்போதே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: அந்தப் பாத்திரத்தின் வசனங்களை வேறொருவருக்குக் கொடுத்துப் பாருங்கள். பெயரை மட்டும் மாற்றிவிட்டுக் காட்சி அப்படியே ஓடுமானால் அவர் தேவையில்லை.

கேள்வி: உரிமைப் பிரச்சினை தேர்வை எவ்வளவு பாதிக்கிறது?

பதில்: சில நேரங்களில் முழுமையாக. மின்னல் வேகத்தில் ஓடும் குவிக்சில்வர் 2014-இல் ஃபாக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்-மென் படத்திலும், 2015-இல் டிஸ்னியின் அவெஞ்சர்ஸ் படத்திலும் வந்தான்; ஆனால் இரண்டாவது படத்தில் அவனை மியூட்டன்ட், அதாவது பிறவியிலேயே சக்தி கொண்டவன், என்று அழைக்க முடியவில்லை; அந்தச் சொல் எக்ஸ்-மென் உரிமையோடு ஃபாக்ஸிடம் இருந்தது. 2019-இல் டிஸ்னி ஃபாக்ஸை வாங்கிய பிறகுதான் அந்தச் சுவர் இடிந்தது.

கேள்வி: காமிக்ஸில் இல்லாத ஒருவரைப் புதிதாகப் படைப்பது தவறா?

பதில்: சூப்பர்மேனின் பத்திரிகை ஆசிரியர் பெர்ரி வொயிட் 1940-இல் வானொலி நாடகத்தில் பிறந்தவர், ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி க்வின் 1992-இல் தொலைக்காட்சிக் கார்ட்டூனில் பிறந்தவள். இருவரையும் காமிக்ஸ் பிறகுதான் தத்தெடுத்துக்கொண்டது. எனவே தாராளமாகப் படைக்கலாம்.

கேள்வி: பேட்மேன் ரீபூட்களில் ராபின் மட்டும் ஏன் தொடர்ந்து விடுபடுகிறான்?

பதில்: இருண்ட படத்தில் வண்ண உடை அணிந்த சிறுவன் பொருந்த மாட்டான் என்ற தயக்கம் ஒரு காரணம். அதைவிட முக்கியமானது வேறு. பேட்மேன் 1939-இல் வந்தான். மறு ஆண்டே ராபின் வந்தான், தனியாகத் திரிந்தவனுக்குப் பேச்சுத்துணை தேவைப்பட்டது என்பதற்காக. திரைப்படங்களில் அந்த வேலையை வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் எடுத்துக்கொண்டுவிட்டார். நாயகனிடம் கேள்வி கேட்பதும், கண்டிப்பதும், காயத்துக்குக் கட்டுப் போடுவதும் அவரே. ராபினைக் கொண்டுவர விரும்புகிறவர் உடையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், ஆல்ஃபிரடின் வசனங்களில் பாதியைப் பறிக்க மனம் வருமா என்று யோசிக்க வேண்டும்.