பாஸ்போர்ட் மலேசியா, வரிசை எந்த நாடு?

கேள்வி: பவர் எலக்ட்ரானிக்ஸில் முனைவர் பட்டம் பெற்று, பினாங்கில் ஆராய்ச்சியாளராக இருக்கிறேன். அமெரிக்காவின் என்ஐடபிள்யூ (தேசிய நலன் விலக்கு) பிரிவில் நானே போட்ட ஐ-140 குடியேற்ற மனு சென்ற மாதம் ஒப்புதலாகிவிட்டது. மலேசியப் பாஸ்போர்ட் என்பதால் காத்திருக்கத் தேவையில்லை என்கிறார் ஏஜெண்ட். அப்பா மலேசியர்; அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போனதால் நான் பிறந்தது திருச்சியில். மனைவி பட்டர்வொர்த்தில் பிறந்தவர். வேலையை விட நோட்டீஸ் கொடுக்கலாமா?
— வாசகர், நிபோங் திபால்

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். ஐ-140 ஒப்புதல் விசா அல்ல. வரிசையில் ஓர் இடம், அவ்வளவுதான். அந்த இடத்தைக் காட்டுவது ஒப்புதலான நாளும் அல்ல. அதைக் காட்டும் முன்னுரிமைத் தேதி, மனுவுக்கு வந்த ஐ-797 அறிவிப்பின் மேல் கட்டங்களில் இருக்கும். என்ஐடபிள்யூவில் அது, மனு அமெரிக்கக் குடிவரவுத் துறைக்குப் போய்ச் சேர்ந்த நாள்.

ஏஜெண்ட் சறுக்கியது அடுத்த இடத்தில். வரிசை பிரிவது குடியுரிமையால் அல்ல, பிறந்த நாட்டால். கையில் நீல அடையாள அட்டை இருந்தாலும் திருச்சிப் பிறப்புச் சான்றிதழ் உங்களை இந்திய வரிசையில்தான் நிறுத்தும். என்ஐடபிள்யூ அடங்கிய இபி-2 பிரிவில் அது பத்தாண்டுக்கும் மேலாகப் பின்தங்கிக் கிடக்கிறது. பெற்றோர் இருவருமே பிள்ளை பிறந்த நாட்டில் பிறக்காமலும் அப்போது அங்கே குடியிருக்காமலும் இருந்தால் விலக்கு உண்டு. உங்கள் அம்மா திருச்சிக்காரர் என்றால் அது உங்களுக்குப் பொருந்தாது.

நல்லவேளை, மனைவி பட்டர்வொர்த்! அவர் பிறந்த நாட்டின் கணக்கில் நீங்களும் சேரலாம். நிபந்தனை: இருவரும் சேர்ந்தே விசா வாங்கி, சேர்ந்தே அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும். 'நான் முதலில் போகிறேன், நீ பிறகு வா' என்பது நடக்காது. இதை யாரும் தாமாகக் கண்டுபிடித்துத் தரவும் மாட்டார்கள். மனுவில் பிறந்த நாடு இந்தியா என்று இருப்பதால் அமெரிக்காவின் தேசிய விசா மையம் அப்படியே பதிந்துகொள்ளும். அதன் இணைய விசாரணைப் படிவத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். திருமணச் சான்றிதழையும் மனைவியின் பிறப்புச் சான்றிதழையும் இணையுங்கள். ஆங்கிலத்திலோ மலாயிலோ இல்லாதவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் வேண்டும்.

மலேசியாவுக்கென்று தனி வரிசை இல்லை, 'மற்ற நாடுகள்' பத்திதான். அதுவும் சில சமயம் பின்வாங்கும் என்பதால் மாதந்தோறும் அமெரிக்க வெளியுறவுத் துறையின் விசா புல்லட்டினைப் பாருங்கள். முறை நெருங்கியதும் தலைக்கு 345 டாலர் கட்டி, டிஎஸ்-260 என்னும் குடியேற்ற விசா விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டும். நேர்காணல் கோலாலம்பூரில்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் பெயர். பாஸ்போர்ட்டில் 'குமரன் ஏ/எல் முருகையா' (ஏ/எல் என்றால் 'மகன்'), ஆய்வேட்டில் 'எம். குமரன்', கட்டுரைகளில் 'குமரன் முருகையா' என்று இருந்தால், பார்க்கிறவருக்கு மூன்று ஆள். டிஎஸ்-260-இல் வேறு பெயர்கள் கேட்கும் இடத்தில் எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். எல்லாம் ஒருவரே என்று ஒரு சத்தியப் பிரமாணமும் கையில் இருக்கட்டும்.

நன்னடத்தைச் சான்றிதழை விஸ்மா புத்ராவின் (மலேசிய வெளியுறவு அமைச்சு) இ-கொன்சுலர் தளத்தில் வாங்கலாம். 16 வயதுக்குப் பின் ஓராண்டோ அதற்கு மேலோ வேறு நாட்டில் இருந்திருந்தால், அந்த நாட்டுச் சான்றிதழும் வேண்டும். மருத்துவப் பரிசோதனையை மட்டும் முந்திக்கொண்டு செய்யாதீர்கள். நேர்காணல் தேதி கிடைத்தபின், தூதரகம் குறித்த மருத்துவரிடமே செய்ய வேண்டும்.

உங்கள் துறைக்கு இன்னொன்று. செமிகண்டக்டர் போன்ற நுட்பங்களில், நேர்காணல் முடிந்தும் 221(ஜி) சட்டப் பிரிவின் கீழ் கூடுதல் சரிபார்ப்புக்கு நிறுத்திவைப்பதுண்டு. வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். தன்விவரம், கட்டுரைப் பட்டியல், அங்கே செய்யப்போகும் ஆராய்ச்சி பற்றி எளிய மொழியில் ஒரு பக்கம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். இடையில் கம்பெனி மாறினால் என்ஐடபிள்யூவுக்குப் பாதகமில்லை. பவர் எலக்ட்ரானிக்ஸை விட்டுவிட்டு விற்பனைக்குப் போனால்தான் கேள்வி வரும்.

சேமநிதிப் பணத்தை நம்பித் திட்டம் போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். நாட்டை விட்டுப் போகிறவர்களுக்கான மீட்பு, மலேசியர்களில் குடியுரிமையைத் துறந்தவர்களுக்குத்தான். கிரீன் கார்டு போதாது.

நோட்டீஸை, விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்தபின் கொடுங்கள். பயணத்துக்குப் பொதுவாக 6 மாதம் வரை கிடைக்கும். அந்தக் கெடு மருத்துவப் பரிசோதனை நாளைப் பொறுத்துச் சுருங்கலாம். விசாவில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பார்த்து, உங்கள் நோட்டீஸ் காலத்தைக் கழித்து, டிக்கெட் எடுங்கள்.