பனிக்காலத்தில் மணக்கும் பவளமல்லி

கேள்வி: பனிக்காலம் வந்தால் எங்கள் குண்டுமல்லி பூப்பதே இல்லை. அந்த மாதங்களிலும் வாசலில் மணம் வீச எந்தச் செடியை வளர்க்கலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: தயங்காமல் பவளமல்லியை நடுங்கள். குண்டுமல்லி கோடையில் பூத்துக் குலுங்கும் இனம். நவம்பர் இறுதியில் அதைக் கவாத்து செய்து (கிளைகளை வெட்டிவிட்டு) ஓய்வுக்கு விடுவதே முறை. பவளமல்லியோ மழைக்காலத்தில் தொடங்கி மார்கழி வரை பூக்கும். இருட்டியதும் விரிந்து, விடியும்போது செம்மஞ்சள் காம்போடு தானாக உதிர்ந்துவிடுவதால், செடியின் அடியில் சுத்தமான துணியை விரித்து வைத்தால் பூக்கள் மண் படாமல் பூஜைக்குக் கிடைக்கும். தண்ணீர் தேங்காத, அரைநாளேனும் வெயில் படும் இடம் போதும். புதுத் தளிர்களில்தான் அரும்பு கட்டும் என்பதால், பூத்து முடிந்த பிறகு தை மாதத்தில் கவாத்து செய்யுங்கள். ஆவணியில் வெட்டினால் அவ்வாண்டின் பூக்களைப் பெருமளவு இழப்பீர்கள்.