முட்டை எட்டு, தவணை மூன்று

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகள் இருவர். மூன்று ஆண்டுகளாகத் தற்சார்பு வாழ்க்கைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவருகிறோம். கூரையில் சூரிய மின்பலகைகள், கீழே பேட்டரி, பின்பக்கம் 12 கோழிகள், மாடியில் மண்ணில்லாத் தோட்டக் கோபுரம், ஒரு மழைநீர்த் தொட்டி. செலவு குறையும் என்றுதான் கணவர் இதில் இறங்கினார். எனக்கு இது கொள்கை; எல்லாவற்றுக்கும் கடையை நம்பி நிற்கப் பிடிக்கவில்லை. ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. இருந்த சேமிப்பும் கரைந்துவிட்டது. இப்போது கணவரின் அண்ணன் 1,000 சதுர மீட்டர் நிலத்தில் பாதிப் பங்கு எடுக்கச் சொல்கிறார். நான் வேலையை விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டால் சாப்பாட்டுச் செலவே இருக்காது என்கிறார். வங்கிக் கடன் கிடைக்கும். வரவு செலவை இணைத்திருக்கிறேன். கொள்கைக்காக இதைச் செய்கிறோமா, காசுக்காகவா என்பதே இப்போது எங்களுக்குப் புரியவில்லை.

பதில்: சிக்கனமாக இருங்கள், வரவு செலவு எழுதுங்கள் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முட்டையைக்கூட எண்ணி எழுதிவைத்திருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய தொகைகளை அப்படியே சொல்லாமல், இருவரின் மாத வருமானத்தையும் சேர்த்து 100 என்று வைத்துக்கொள்கிறேன். அதில் உங்கள் சம்பளம் 40.

மின்பலகைக்கும் பேட்டரிக்கும் 500 கடன், 12 சதவீத வட்டி, 5 ஆண்டு: மாதத் தவணை சுமார் 11. கோழிக்கூண்டுக்கும் தோட்டக் கோபுரத்துக்கும் 270 கடன், 16 சதவீதம், 3 ஆண்டு: தவணை 9.5. தொட்டியும் கருவிகளும் கிரெடிட் கார்டில் வாங்கியவை. அதில் பாக்கி 120, மாத வட்டி 3 சதவீதம், நீங்கள் கட்டுவது 6. ஆக மாதம் 26.5 வெளியே போகிறது. இவற்றால் மிச்சமாவது எவ்வளவு? மின்கட்டணத்தில் 4. முட்டையிலும் காய்கறியிலும் 3.5, அதில் தீவனம் 1.8, கோபுரத்துச் செடிகளுக்கான ஊட்டக்கரைசல் முதலானவை 0.7 போனால் நிற்பது 1. மொத்தம் 5. வீட்டுச் செலவு 70.5 என்று எழுதியிருக்கிறீர்களே, அது இந்த 5 குறைந்த பிறகு உள்ள தொகை.

5 மிச்சம் பிடிக்க 26.5 கட்டுகிறீர்கள். கோழியையோ கொள்கையையோ இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு பொருளையும் "மிச்சம் பிடித்துத் தரும்" என்று சொல்லிக் கடனில் வாங்கும் பழக்கம்தான் உங்களைக் கடிக்கிறது. அந்தப் பழக்கம் எப்படி நிலைத்தது என்பதும் கடிதத்திலேயே இருக்கிறது. கணவர் கணக்குக்காகச் சம்மதிக்கிறார், நீங்கள் கொள்கைக்காக. கணக்கு இடித்தால் நீங்கள் கொள்கையைச் சொல்கிறீர்கள். கொள்கை இடித்தால் அவர் கணக்கைச் சொல்கிறார். வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஆளே இல்லை.

பேட்டரியைப் பாருங்கள். 500-ல் அது மட்டும் 220. நீங்கள் வைத்திருப்பது ஈய-அமில பேட்டரி. தினமும் பாதி வரை இறக்கி ஏற்றினால் 3 முதல் 5 ஆண்டு உழைக்கும்; அதற்குக் கீழே இறக்கினால் இன்னும் சீக்கிரம் போய்விடும். 4 ஆண்டு என்றே வைத்துக்கொள்வோம்: 220-ஐ 48 மாதத்தால் வகுத்தால் மாதம் 4.6 தேய்மானம். மின்கட்டணத்தில் மிச்சமாகும் மொத்தமே 4. அதாவது பேட்டரி தன் தேய்மானத்தைக்கூடச் சம்பாதிக்கவில்லை. கடைசித் தவணை கட்டும் காலத்தில் அடுத்த பேட்டரிக்குக் கடன் கேட்டு நிற்பீர்கள். பலகைகளின் கதை வேறு. 25 ஆண்டு நிற்கக்கூடியவை. 280-ஐ 300 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1-க்கும் குறைவு. நடுவில் ஒருமுறை, சுமார் 10 ஆண்டில், இன்வெர்ட்டர் மாற்ற வேண்டியிருக்கும். அதைச் சேர்த்தாலும் வட்டியில்லாமல் வாங்கியிருந்தால் பலகை லாபம்தான்.

ஆகவே ஒரே ரசீதில் இரண்டு பொருள் வாங்கியிருக்கிறீர்கள். பலகை காசுக்காக. பேட்டரி, மின்சாரம் போனாலும் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்ற நிம்மதிக்காக. அந்த நிம்மதிக்கு விலை கொடுப்பதில் தவறில்லை, அதற்கு முதலீடு என்று பெயர் வைத்ததுதான் தவறு. செலவு என்று தெரிந்திருந்தால் சின்னதாக வாங்கியிருப்பீர்கள். இது சாகும்போது இதே அளவில் இன்னொன்று வாங்காதீர்கள். விளக்கு, மின்விசிறி, இணையக் கருவி, கைபேசி, இவற்றுக்கு மட்டும் கால்வாசி அளவு போதும். துணி துவைப்பது, தண்ணீர் ஏற்றுவது, இஸ்திரி எல்லாவற்றையும் வெயில் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உபரி மின்சாரத்தை மின் விநியோக நிறுவனம் கணக்கில் வரவு வைக்கும் இடமாக இருந்தால் இரவுத் தேவைக்கும் பெரிய பேட்டரி வேண்டாம்.

கோழிக்கு வருவோம். முட்டைக் கோழி ஒன்று நாளைக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். 12 கோழிக்கு மாதம் 40 கிலோவுக்கு மேல். உங்கள் நோட்டுப்படி நாளைக்கு 8 முட்டை. அப்படியானால் ஒரு முட்டைக்குச் சுமார் 170 கிராம் தீவனம். உங்கள் ஊர்த் தீவன விலையை அதோடு பெருக்கி, கடை முட்டை விலைக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து முட்டை குறையும், தீனி குறையாது. சிறகு உதிர்க்கும் காலத்தில் முட்டையே நின்றுவிடும். அந்த 8 முட்டையிலும் வீட்டில் செலவாவது 3 அல்லது 4, மிச்சம் உறவினர் வீடுகளுக்குப் போகிறது என்கிறீர்கள். கொடுப்பது நல்ல பழக்கம், ஆனால் 16 சதவீத வட்டியில் கூண்டு கட்டிக் கொடுக்க வேண்டுமா? 5 கோழி உங்கள் வீட்டுக்குப் போதும். சமையலறைக் கழிவு, கீரைத் தண்டு, புழு பூச்சி என்று தீனியில் ஒரு பங்கை வீட்டிலேயே தேற்றுவதும் 5 கோழிக்குத்தான் நடக்கும், 12-க்கு நடக்காது.

தோட்டக் கோபுரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், பொறுமை குறைவாக இருக்கிறது. மாதாமாதம் கரைசல் வாங்க வேண்டும். பம்பு ஓட மின்சாரம் வேண்டும். பம்பு நின்றால் சில மணி நேரத்தில் வேர் காயத் தொடங்கும். பிளாஸ்டிக் கூடை உடைந்தால் விற்றவரிடமே போக வேண்டும். இதற்குப் பெயர் தற்சார்பு என்றால் எனக்கு விளங்கவில்லை. பழைய வாளிகளில் மண்ணும் மக்கு உரமும் போட்டுக் கீரை, மூலிகை, தக்காளி வளர்த்தால், சீக்கிரம் வாடுவதும் எடைக்கு அதிக விலை உள்ளதும் வீட்டிலேயே கிடைத்துவிடும். மலிவாகவும் நாள்பட வைத்தும் வாங்கக்கூடிய தானியத்தையும் கிழங்கையும் வாளியில் வளர்ப்பது வீண்வேலை. "நாங்களே பராமரித்துத் தருகிறோம்" என்று விற்கப்படும் பண்ணை மனை, "விளைச்சலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று கையெழுத்து வாங்கும் வளர்ப்புத் திட்டம் ஆகியவற்றின் விளம்பரங்களும் உங்களைத் தேடி வரும். வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர் நாளைக்கு இல்லாமல் போனால் அந்தப் பொருளை யார் வாங்குவார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

தொட்டி பரவாயில்லை. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். உங்கள் 80 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால், வழியில் போவது போக 1,300 லிட்டர் வரும். உங்கள் 1,000 லிட்டர் தொட்டி ஒரே மழையில் வழிந்துவிடும். அதற்காக இன்னொரு தொட்டி வாங்கக் கிளம்பாதீர்கள். வழிவதை மண்ணுக்குள் இறக்க ஒரு குழி போதும்.

இனி நிலம். அண்ணன் சொல்வதைத் தானியத்தை வைத்துப் பார்ப்போம். ஒருவருக்கு நாளைக்கு 2,000 கலோரி என்றால், அதில் பாதி தானியத்திலிருந்து வந்தாலே ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் வேண்டும். ஹெக்டேருக்கு 3 டன் என்ற நல்ல விளைச்சலில் அதற்கு 350 சதுர மீட்டர். நான்கு பேருக்கு 1,400. இது ஒரு போகக் கணக்கு. உமி, விதைக்கு எடுத்துவைப்பது, பூச்சியும் எலியும் தின்பது எதையும் கழிக்கவில்லை. உங்கள் பங்கோ 500 சதுர மீட்டர். ஆக அதில் காய்கறிதான் போட முடியும். காய்கறி அதில் தாராளமாக விளையும், ஆனால் உங்கள் வீட்டுக் காய்கறிச் செலவு மொத்தமே 6. நிலத்துக்கான 900 கடனுக்கு, 11 சதவீதத்தில் 10 ஆண்டுக்கு, தவணை 12.4. வேலையை விட்டால் வரவு 60. செலவில் காய்கறி 6, நீங்கள் வேலைக்குப் போய்வரும் செலவு 4 குறைந்தாலும் வீட்டுக்குச் சுமார் 60 வேண்டும், தவணை எல்லாம் சேர்ந்து 39. வரவு 60, செலவு 99. இதில் வாதிட ஒன்றுமில்லை.

அப்படியானால் வரிசை இது. கோபுரத்தையும் 7 கோழிகளையும் விற்றுவிடுங்கள். 30 கிடைத்தாலும் கார்டு பாக்கி 90 ஆகும். இப்போது கட்டும் 6, வீட்டுச் செலவும் தவணையும் போகக் கணக்குப்படி மாதம் மிஞ்ச வேண்டிய 3, தீவனத்திலும் கரைசலிலும் குறையும் 1.5 ஆகிய மூன்றையும் கார்டுக்கே போடுங்கள். மாதம் 10.5 போட்டால் சுமார் 10 மாதத்தில் தீரும். இப்போதுபோல 6 மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் 120-ஐ அடைக்க 31 மாதம். தீர்ந்ததும் அடுத்த மூன்று மாதம் அந்த 10.5 அவசரத் தேவைக்கு ஒதுக்கியாக வேண்டும். 31 பெரிய தொகை இல்லைதான், ஆனால் மோட்டார் பழுதுக்குக் கார்டை எடுக்காமல் இருக்க அது போதும். பிறகு 16 சதவீதக் கடன். அது வாங்கி ஓராண்டு ஆகிறது என்பதால், அப்போது அதில் சுமார் 97 பாக்கி இருக்கும், தவணையோடு 10.5 சேர்த்து 20 கட்டினால் 5 மாதத்தில் முடிந்துவிடும். முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 12 சதவீதக் கடன் அதன்பாட்டுக்கு ஓடட்டும். ஒன்றரை ஆண்டில் மாதம் 20 உங்கள் கையில் நிற்கும். அதுவரை எந்தப் புதுக் கருவியும் வேண்டாம், தள்ளுபடியில் கிடைத்தாலும் சரி.

அதன் பிறகு மாதம் 5-ஐக் கொள்கைச் செலவு என்று தனியாக எடுத்து வையுங்கள். அதில் வாங்குவதற்கு லாபம் காட்ட வேண்டியதில்லை, கணவர் கேட்கவும் கூடாது. ஒரே நிபந்தனை, ரொக்கம். கணக்குக்காக என்று சொல்லி வாங்கும் பொருள் எதுவானாலும் அது உழைக்கும் காலத்தில் பாதிக்குள் தன் விலையைத் திருப்பித் தர வேண்டும். தராது என்றால் கொள்கைப் பணத்திலிருந்து வாங்குங்கள், அல்லது விடுங்கள். எந்தப் பக்கம் என்று குழம்பினால் இரண்டு பேரும் தனித்தனியாக ஒரு தாளில் பதில் எழுதுங்கள். நீங்கள் எழுத வேண்டியது: ஒரு காசும் மிச்சமாகாது என்று தெரிந்தாலும் இதைச் செய்வேனா? அவர் எழுத வேண்டியது: என் மனைவிக்கு இதில் ஆசையே இல்லை என்றாலும் இதை வாங்குவேனா? இரண்டு தாளிலும் "இல்லை" என்றிருந்தால் பொருள் கடையிலேயே இருக்கட்டும்.

அண்ணனிடம் கணவரே பேசட்டும், நீங்கள் பேச வேண்டாம். "ஒன்றரை வருஷத்துக்குக் கடன் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்" என்றால் போதும், கணக்கெல்லாம் விளக்கத் தேவையில்லை. விளக்கினால் அவரும் பதிலுக்கு ஒரு கணக்கோடு வருவார். உங்களுக்கு விவசாயம் செய்து பார்க்க ஆசையென்றால், வாங்காமல் ஒரு போகத்துக்கு 100 சதுர மீட்டரைக் குத்தகைக்குக் கேட்டு, விடுமுறை நாட்களில் மட்டும் போய் வாருங்கள். பிறகு எப்போதாவது பங்கு எடுப்பதாக இருந்தாலும், எல்லை அளந்து பிரிக்காத பொதுப் பங்காக எடுக்காதீர்கள். அதைத் தனியாக விற்பதும் கஷ்டம், அடமானம் வைப்பதும் கஷ்டம். கிணற்றுத் தண்ணீர் யாருக்கு எத்தனை மணி நேரம் என்பதில் தொடங்கும் சண்டை பத்திரத்தில் வந்து முடியும்.